இரவல் பொழுது

சனிக்கிழமைக் கூலிக் கவரை
உள்பையில் வைத்து ஊக்குக் குத்திக்கொண்டு
பி.என். ரோட்டு பேக்கரியின் மாடியேறுவேன்.
கீழே தேங்காய் பன் வேகும்.
மேலே ஆறு மேசை; ஒன்றுக்குக் கால் ஆட்டம்.
அதில்தான் எனக்கு இடம்.

எதிரே பரணீதரன்.
எக்ஸ்போர்ட் ஆபீசில் ஆர்டர் பேசுகிறவர்.
சாம்பிள் துணியைத் தடவிப் பார்ப்பது போல
சீட்டையும் விரல் நுனியால்தான் தொடுவார்.

என் கட்டில் அறுபது.
ஐம்பத்தொன்பதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை:
கூலிக்காரர்கள், வேலிகள், நாய்கள் ஏழெட்டு,
இதுகளை வாழவைக்க இருபத்திரண்டு தண்ணீர்.
அறுபதாவதின் பெயர் இரவல் பொழுது.
கறுப்பு வானம். நடுவில்
யாரோ பாதி திறந்துவிட்டுப் போன கதவு.
அடியில் இரண்டே வரி:
இன்னொரு முறை ஆடிக்கொள்.
அதற்குள் ஜெயிக்காவிட்டால் தோற்றாய்.

சுசந்தாவிடம் மாற்றியது.
ஒடிசாப் பையன், ஓவர்லாக் மிஷினில் இருக்கிறான்.
எழுத்தைப் பார்க்கமாட்டான், படம் பார்த்தே ஆடுவான்.
மூன்று யானையும் ஒரு மந்திரவாதியும் வாங்கிக்கொண்டு
"அக்கா, இது சாப்பிடும்" என்றான்.
யாரை என்று நான் கேட்கவில்லை.

முதல் மாதம் மூன்று தரம் போட்டேன்.
மூன்றும் மூச்சு முட்டுகிற நேரம்.
கையில் ஒன்றுமில்லாதவளுக்கு
இன்னொரு பொழுது கிடைத்தாலும்
அதுவும் ஒன்றுமில்லாத பொழுதுதான்.
மூன்று தரமும் தோற்றேன்,
கொஞ்சம் சீக்கிரமாக.

செக்கிங் டேபிளில் நின்று
ஓட்டைத் துணிக்கு அம்பு ஒட்டிக்கொண்டே
ஒரு வாரம் யோசித்தேன்.
நூல் விலை ஏறின வருசம்
நாலு வாசல் ஏறிக் கடன் வாங்கின கம்பெனிகளில்
ஆர்டர் கையில் இருந்தவைதானே தப்பின?
முழுகுகிறவள் பிடிக்கிற கயிறில்லை இது.
கரைக்கு ஓரடி இருக்கும்போது
உந்துகிற கால்.

அதற்குப் பிறகு பத்து மாதம்
அதைக் கையில் வைத்திருந்தேன், போடவில்லை.
ஓரத்திலிருந்து நடுவுக்கு மாற்றுவேன்,
நடுவிலிருந்து ஓரத்துக்கு.
அவ்வளவுக்கே எதிரே வியர்த்தது.

நேற்று
பரணீதரன் நான்காம் முறையிலிருந்தே
இரண்டு சீட்டைத் தொடாமல் வைத்திருந்தார்.
என் இரண்டு நாயும் ஆளுக்கொரு பல்லாக
எட்டிலிருந்து ஆறு, ஆறிலிருந்து நாலு என்று
அவர் உயிரைக் கடித்தபோதும்
அந்த இரண்டின் மேலிருந்த கட்டைவிரல் நகரவில்லை.
ஒரு வேலிகூட நடவில்லை மனுசன்.

நாலு.
இந்தப் பொழுதில் இரண்டு, இரவல் பொழுதில் இரண்டு.
பதினோரு மாதத்தில் முதல் தடவையாகக் கணக்குப் பொருந்தியது.
"போடு அக்கா" என்றான் சுசந்தா, பின்னாலிருந்து.
கதவு இன்னும் பாதி திறந்தே இருந்தது.

அப்போது எடுத்த சீட்டு, வெறிநாய்.
ஊர்ச்சீட்டு. பத்து ரூபாய்க் கட்டிலெல்லாம் கிடக்கும்.
கையிலிருந்து ஒன்றை எறி,
நாய்க்கெல்லாம் இன்னொரு பல்.
எறிவதற்குக் கையில்
வேறு சீட்டில்லை.

எறிந்தேன்.
கறுப்பு வானம் மேசையில்
முகம் மேலாக விழுந்தது.
நாய்கள் நாலையும் தின்றன.

அவர் கட்டைவிரலை எடுத்துத் திருப்பினார்:
இரண்டும் சேவல்.
கூவினால் இரவல் ரத்து;
தோல்வி மட்டும் செல்லும்.
"ஏனுங்க, அதைப் போயி எறிஞ்சுட்டீங்க?" என்றார்,
ஜெயித்திருந்தால்கூட அவ்வளவு வெசனப்பட்டிருக்கமாட்டார்.
எனக்கும்தான்.
பொருந்திய ஒரே நாளில்
அதை நாய்க்குப் போட்டேன்.

நெருப்பெரிச்சல் கடைசி பஸ்ஸில்
ஊக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.
வருகிற சனிக்கிழமை
சேவல்களைக் கழற்றிவிட்டு வருவாரா,
கழற்றுவார் என்று நான் நினைப்பேனென்று
மூன்றாவதும் சேர்த்துக்கொண்டு வருவாரா?
எப்படி வந்தாலும்
இரவல் பொழுது கட்டில் இருக்கும்.
மூலையில் ஒரு மடிப்பு விழுந்திருக்கிறது,
மேசையில் பட்ட இடம்.
இனி அதைத் திருப்பிப் பிடித்தாலும்
பின்னாலிருந்தே தெரியும்.